ஊர்ப் பெயரின் முதல் எழுத்து

சாயங்காலம் நாலு பத்துக்கு மகள் போன் பண்ணினாள். வேலை நேரத்தில் பேசுகிறவள் இல்லை.

"அம்மா, என்னைய நிறுத்திட்டாக. வாரேன்."

அவ்வளவுதான். திரும்ப அழைத்தபோது போன் அணைந்திருந்தது.

ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் அவளுக்கு வடிவமைப்பு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் இல்லை, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ்தான். அதில் தமிழ் எழுத்து சில சமயம் பிசிறு தட்டும், உடைந்தும் தெரியும். எந்த எழுத்துருவை முதலில் எடுக்க வேண்டும், எழுத்தின் விளிம்பு எவ்வளவு மழுங்கலாம் என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிவைத்தால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துப் படித்து, அச்சகத்தில் தன் மிஷினை மட்டும் சரிசெய்துகொண்டாள். மற்ற மிஷின்களிலும் போட்டுத் தருகிறேன் என்றாளாம். ஓடுகிறதை நோண்டாதே என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அரை மணி நேரத்தில் வரவேண்டியவள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். வந்த பஸ் ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து எங்கள் தெருக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

"மகளத் தேடுதீகளாக்கா? இந்தக் காலத்துப் பிள்ளைக போன அமத்திப் போட்டா வேற என்ன அர்த்தம்?"

அவள் நினைத்ததைவிட மோசமானதை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் இறங்கினாள். பஸ்ஸுகளைப் போகவிட்டு ராஜபாளையம் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பால்கோவாக் கடை ஒன்றுக்கு அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் பெரிதாக ஊர்ப் பெயர். எழுத்து மாறாதபடி அதை ஒரு பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் முதலாளி கைவைத்து எதையாவது பெரிதாக்காமல் அந்த அச்சகத்தில் எதுவும் அச்சேறாது. பிடிஎஃப்பை விட்டுவிட்டு மூலஃபைலைத் தன் மிஷினில் திறந்திருக்கிறார். அவள் போட்ட எழுத்துரு அதில் கிடையாது. இல்லை என்று அந்த சிஸ்டம் சொல்லவும் செய்யாதாம். கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற ஒன்றை எடுத்துச் சத்தமில்லாமல் அந்த இடத்தில் வைத்துவிடுமாம். வைத்த எழுத்துருவில் 'ஸ்ரீ' இல்லை. தலையில் புள்ளியோடு ஒரு ஸ, அதைவிட்டு விலகி ஒரு ரீ. பெட்டி முழுக்க அப்படியே அச்சாகிக் கடைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

அச்சு மிஷின் ஓட்டுகிறவர்கள், வாடிக்கையாளர்கள் எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டாராம்: "ஏட்டி, சொந்த ஊர்ப் பேர ஒடைச்சு வச்சிருக்கியே, ஒனக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டரு?"

மறுநாள் அவருக்கு நானே போன் பண்ணினேன். அவள் மிஷினில் ஒருதரம் திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"மிஷினு தப்புப் பண்ணாதும்மா, மனுஷந்தான் பண்ணுவான்," என்றார். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

அவள் சாப்பிடவில்லை. தன் லேப்டாப்பில் ஊர்ப் பெயரை அடித்து, அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாகத்தான் இருந்தது. எனக்குக் காட்டினாள். நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். வன்னியம்பட்டியாம். அவளைத்தான் மகளுடைய நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், என் தோளுக்கு மேலே மகளைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அக்கா, ஒங்க மிஷின்ல மட்டும் ஸ்ரீ ஒடையாம வருது. அதுக்கு என்ன ஃபைல் போட்டீகன்னு மொதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாக."