தவமலரைத் திரும்பி வரவைத்த பொய்

தவமலர் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய கணவர் ரவிதான் எனக்கு ரெலிபோன் எடுத்தார். "சாந்தா, காலமை ஆறரைக்குப் போயிட்டா" என்றார். அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை. நான் மற்றக் காலுறையையும் மாட்டி முடித்துவிட்டு, கை கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். அழும்போதே மனம் வேறொன்றையும் யோசித்தது. ரவி எனக்கு எடுத்தபோது நேரம் எட்டேகால். அதற்குமுன் அவர் யார் யாருக்குச் சொல்லியிருப்பார்? பிறகு மெல்ல விசாரித்தேன். நான் நான்காவது ஆள். முப்பது வருடச் சிநேகிதிக்கு நான்காவது இடமா என்று எனக்குள் ஒன்று பொருமியது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவளுடைய நல்ல குணங்களைப் பற்றிப் பலர் எழுதுவார்கள். அவளை அறிந்த உங்களுக்கு அவை புதிதும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒன்றை வேறு யாராலும் எழுத முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். கொஞ்சநஞ்சம் அல்ல.

ஹேர்னிங்கில் அந்த நாளில் இருந்த ஒரு தையல் தொழிற்சாலையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தோம். அவள் சட்டைக்குக் கை தைப்பாள், நான் கழுத்துப் பட்டி. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவர்கள். பராமரிப்பு வேலைக்குப் படிக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். மொழிப் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்து போனோம். அவள் முதல் தடவையே சித்தியடைந்தாள். நான் இரண்டாம் முறை. நான் உதவிப் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்த வருடம், அவள் இன்னும் மேலே படித்துத் தாதியாகப் போகிறேன் என்றாள். அவள் தாதியான அன்று நான் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். சீனி குறைவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது கைமறதியில் குறைந்த சீனி அல்ல. அவள் மட்டும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

பிறகு ரவி வேலை செய்த காற்றாலைக் கம்பனி அவரை அமெரிக்காவில் இருந்த தங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பியது. மகள் ஆரணிக்கு அப்போது ஐந்து வயது. அவர்கள் போய் இறங்கியது நியூயோர்க்கும் அல்ல, சிக்காகோவும் அல்ல. இங்கே டென்மார்க்கில் நம்முடைய ஓகூஸ் நகரம் அளவான ஒன்று. அங்கேயும் அவள் பரீட்சை எழுதி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாகச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். முதல் சில வருடம் காய்ச்சல், கை முறிவு, கார் விபத்து என்றுதான் சொன்னாள். பிறகு துப்பாக்கி வெடிபட்டு வருகிறவர்கள் கூடினார்கள். எப்போதாவது ஒருவர் என்று இருந்தது கிழமைக்கு ஒருவர் ஆனது. கோவிட் வந்து வேலைகள் போய், பள்ளிக்கூடங்கள் பூட்டிய பிறகு, ஒருவருக்கு இரத்தம் ஏற்றி முடியுமுன் அடுத்த அம்புலன்ஸ் வாசலில் நிற்கும் என்றாள். கொள்ளைக்காரர்களா என்று கேட்டேன். "ஒருத்தனும் கள்ளன் இல்லையடி. போனில ஒரு சொல்லு, அதுக்கு ஒரு வெடி. அந்த வெடிக்கு இன்னொரு வெடி" என்றாள்.

அந்த இன்னொரு வெடியை நிறுத்தத்தான் ஆஸ்பத்திரி ஒரு புது வேலையைத் தொடங்கியது. சுடப்பட்டவரின் குடும்பத்தோடு ஒருவர் இருக்க வேண்டும். அழுகிறவர்களைத் தேற்றுவது ஒரு பாதி. பழிவாங்க எழும்புகிற அண்ணன் தம்பிகளை இருத்தி வைப்பது மற்றப் பாதி. தவமலர் தானாகக் கேட்டு அந்த வேலைக்குப் போனாள். "செத்த சேதியை நிண்டுகொண்டு சொல்லக் கூடாது. முதல்ல ஒரு கதிரை இழுத்துப் போட வேணும்" என்பாள். வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த முகங்களைப் படிக்கத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நானும் அதே சத்தம் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவள் அங்கே இதைச் சொல்லும்போது, இங்கே நான் வேலைநேர மாற்றத்தையும் பனி வழுக்கலையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என்னைக் கண்டவர்கள், என்னைச் சுகம் கேட்குமுன் தவமலரைத்தான் கேட்டார்கள்.

கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்த பிறகு பத்து நாள் லீவில் அவளிடம் போனேன். அழகான வீடு, முன்னுக்குப் பெரிய மரம். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக் கதவில் வெடிபட்ட ஓட்டையை ஆரணி காரில் போகும்போது எனக்குக் காட்டினாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் தவமலரும் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தோம். ஒரு தெரு முடக்கில், மின்கம்பத்தைச் சுற்றிப் பலூன்களும் கரடிப் பொம்மைகளும் மெழுகுதிரிகளும் வைத்திருந்தார்கள். அங்கே நின்ற ஒரு பெண் தவமலரைக் கண்டதும் வாகனங்களையும் பார்க்காமல் வீதியைக் கடந்து ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்தாள். கரொல் என்று பெயர். அவளுடைய பதினேழு வயது மகன் அந்தக் கம்பத்தடியில் சுடப்பட்டு இறந்தவன். மூத்தவன் மார்கஸ் அன்றைக்கே துவக்கோடு புறப்பட நின்றானாம். தவமலர் அவனோடு விடியும்வரை இருந்து கதைத்திருக்கிறாள். பிறகும் கிழமைக்கு ஒருமுறை அவனைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். "எனக்கு ஒரு மகன் மிஞ்சியிருப்பது இவளால்தான்" என்று கரொல் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் மரக்கறிப் பைகளோடு ஒதுங்கி நின்றேன். அந்தத் தாயின் துயரம் என் கண்முன்னால் இருந்தது. ஆனால் என் நெஞ்சில் எரிந்தது வேறு. இருபது வருடமாக நான் எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன். எனக்காக ஒருவரும் வீதியைக் கடந்து ஓடிவந்ததில்லை.

திரும்பி வந்த கிழமை, தவமலர் தந்துவிட்ட பார்சலைக் கொடுக்கப் பக்கத்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அவளுடைய தாயிடம் போனேன். அன்ரி தேத்தண்ணி தந்துவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சுகமாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அங்கே வெடிச் சம்பவங்கள் கூடிவிட்டன என்ற உண்மையைச் சொன்னாலும் போதும். நான் சொன்னது இதுதான்: "அன்ரி, அவள் உங்களுக்குச் சொல்லமாட்டாள். ஆரணியின்ர அறைச் சுவரில வெடி பட்டிருக்கு."

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்று தெரு தள்ளி இருந்த ஓட்டையை நான் ஆரணியின் கட்டிலுக்கு மேலே கொண்டுவந்து வைத்தேன். ஏன் சொன்னேன் என்று அன்றைக்கு என்னையே கேட்கவில்லை. சிநேகிதிக்கு நல்லதுதானே செய்கிறேன் என்று காரில் வரும்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் அந்த வீதியில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

அன்ரி சாப்பாட்டை விட்டார். ஒவ்வொரு நாளும் ரெலிபோனில் அழுதார். பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலும் கிடந்தார். ஐந்து மாதத்தில் தவமலர் குடும்பத்தோடு டென்மார்க்குக்குத் திரும்பிவிட்டாள். ரவிக்குப் பழைய கம்பனியிலேயே இடம் கிடைத்தது. தவமலர் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். அவர்கள் வந்த கிழமை அன்ரி என் இரண்டு கையையும் பிடித்து, "நீ சொல்லாட்டி என்ர பிள்ளை அங்கேயே கிடந்திருப்பாள். உனக்குக் கோடி புண்ணியம்" என்றார். தவமலர் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இனி இருவரும் ஒன்று என்று நான் ஆறுதல்பட்டேன். அதுவும் கனநாள் நிற்கவில்லை. அவளுடைய இல்லத்தில் ஒரு கிழவர், பழைய மீன்பிடிகாரர், அவள் வந்தால்தான் வாய் திறந்து சாப்பிடுவார் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு வீட்டில் நான் ஒரு கோப்பையை உடைத்தேன்.

அவள் வந்து ஒரு வருடமாகவில்லை, கரொலிடமிருந்து அழைப்பு வந்தது. தம்பியைச் சுட்ட ஆளின் கூட்டாளி ஒருவனை மார்கஸ் சுட்டுக் கொன்றுவிட்டான். அவனைப் பொலிஸ் பிடித்து மறியலில் அடைத்துவிட்டது. தவமலருக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர் மூன்று மாதத்தில் விட்டுப்போக, அந்த இடம் வெறுமையாகவே கிடந்ததாம். இதைத் தவமலர் தன் வீட்டுக் குசினியில், அடுப்பருகே வைத்து எனக்குச் சொன்னாள். நான் சொன்ன பொய்யைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்தாள்.

"எனக்குத் தெரியும். அம்மா அடுத்த நாளே போன் எடுத்து எந்தச் சுவர் எண்டு கேட்டா."

அப்படியென்றால் ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் களைச்சுத்தான் போயிருந்தன் சாந்தா. வாறதுக்கு ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தன். நீ தந்தாய். அம்மா இருக்குமட்டும் அவவுக்கு இதைச் சொல்லாதை. உன்னை நம்பிக்கொண்டிருக்கிறா, அப்பிடியே இருக்கட்டும்."

நான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். மார்கஸைப் பற்றிக் கேட்டபோது, தான் அங்கே இருந்திருந்தாலும் அது நடந்திருக்கலாம் என்றாள். அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

போன வருடம் அன்ரி காலமானார். அடுத்த மாதமே தவமலருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நான் வேலை முடிந்து கிழமைக்கு மூன்று தரம் ஹொல்ஸ்டெப்ரோவுக்குக் கார் ஓடினேன். குளிக்க வார்த்தேன், தலை சீவி இழுத்தேன். என் தொழிலை என் சிநேகிதிக்குச் செய்தேன். அங்கேயும், அவளைப் பார்க்க வந்த தாதிகள் வேலை நேரம் முடிந்தும் போகாமல் அவளோடு இருந்து கதைப்பதைக் கண்டு எனக்குள் எரிந்தது. அவள் செத்துக்கொண்டிருந்தாள், எனக்கு எரிந்தது.

அவளுடைய இறுதிக் கிரியை முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது ஆரணி என்னிடம் வந்தாள். இப்போது பத்தொன்பது வயது. டெனிஷில் கேட்டாள்: நாங்கள் ஏன் திரும்பி வந்தோம்? அம்மா எனக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. நான் அவளுடைய கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, குளிருது, உள்ளே போவம் என்றேன்.

இரண்டு கிழமை இந்தக் கட்டுரையை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் ஆரணியை வீட்டுக்கு அழைத்து, மேசையில் எதிரே இருத்தி, வரிவரியாக டெனிஷில் சொன்னேன். சுவர் வந்த இடத்தில் அவள் தன் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள். தன் பள்ளிக்கூடம், தன் சிநேகிதிகள், பத்து வருடம் வளர்ந்த வீடு என்று எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாய் களைத்துப்போயிருந்ததாகச் சொன்ன இடம் வந்ததும் என்னை நிறுத்தினாள். இந்த முறை தமிழில் கதைத்தாள்.

"அது பொய் அன்ரி. அம்மா களைக்கேல்லை. பிளேன் ஏறினதில இருந்து இறங்குமட்டும் அழுதவ. நான்தான் துடைச்சுவிட்டனான்."

நான் பேனையை வைத்துவிட்டேன். இதைக் கிழித்துப் போடவா என்று கேட்டேன். அவள், "வேண்டாம். நான் இப்ப சொன்னதையும் சேர்த்து எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து கோட்டைப் போட்டாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

ஆகவே எழுதிவிட்டேன். தவமலரிடமிருந்து நகையோ சேலையோ எதுவும் எனக்கு வரவில்லை. "நானும் களைச்சுத்தான் போயிருந்தன்" என்று தன் குசினியில் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் வைத்திருக்கிறேன். என் பொய் அவளிடமிருந்து அவளுடைய வேலையையும் இன்னொரு தாயிடமிருந்து மிஞ்சிய மகனையும் பறித்தது. அவளுடைய பொய் எனக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக நித்திரை தந்தது. பொய் சொல்வதிலும் அவள் என்னைவிடத் திறமானவளாகத்தான் இருந்திருக்கிறாள்.