சேமிக்காத சத்தம்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் நான் ஒரு பாலிஃபோனிக் சிந்தசைசர் வாங்கியதற்குக் காரணம் இசை ஆர்வம் என்று வேலையிடத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் ஒரு மனிதர். அவர் முகம் ஒருநாள் என் கண் முன்னால் வெளுக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் விருந்து என்று கிள்ளான் பக்கம் பாடப்போகும் ஓர் இசைக்குழுவின் தலைவர். நான் வாரநாளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பேன். வார இறுதியில் அவர் குழுவில் கீபோர்டு. பதினோரு வருடம். கீபோர்டு குழுவுக்குச் சொந்தம், விரல்கள் மட்டும் எனக்கு. வியாழக்கிழமைகளில் பூச்சோங்கில் ஒரு கடை மாடியில் ஒத்திகை நடக்கும். கடைசி வருடத்தில் மாஸ்டர் ஒவ்வோர் ஒத்திகையையும் லேப்டாப்பில் பதிவு செய்ய ஆரம்பித்தார். "கேட்டுக் கேட்டுத் திருத்திக்கலாம்மா" என்றார். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று வீட்டில் என் கணவரிடம் நானே புகழ்ந்திருக்கிறேன்.

பிறகு ஒரு மதியக் கல்யாணம். மூன்றாவது பாட்டின் நடுவில் வியர்வை கண்ணில் இறங்கியது. கையை எடுக்கக்கூடாத இடம்தான், ஆனாலும் எரிச்சல் தாங்காமல் இரண்டு கையையும் எடுத்து முகத்தைத் துடைத்தேன். வயலின் சத்தம் நிற்கவில்லை. அடியின் முடிவில் நான் வழக்கமாகக் கொடுக்கும் சிறிய இழுப்புகூட அப்படியே வந்தது. வியாழக்கிழமைகளில் நான் வாசித்தது லேப்டாப்பிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. என் கீபோர்டின் ஒலியை மிக்சரில் முழுக்க இறக்கி வைத்திருந்தார்கள். பேஸ் கிட்டார்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை.

இடைவேளையில் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ட்ராக்ல ஓடுனா தப்பு வராதுல்லம்மா. நீ சும்மா நில்லு, கை மட்டும் அசைச்சா போதும்லா. மேடை காலியா தெரியக்கூடாது பாரு." அதோடு விட்டிருக்கலாம். "எப்படியும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இல்லாட்டி உனக்கு ஒன்னும் வராதே" என்று சேர்த்துக்கொண்டார். மேசையே சிரித்தது.

அது உண்மை என்பதால்தான் அதிகம் வலித்தது. எங்கள் பக்கத்துக் குழுக்களில் பாதிப் பேர் இப்படித்தான். எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டையிலேயே பழகிக்கொள்வோம். பாடுபவர் எந்தச் சுருதி கேட்டாலும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி ஏற்றியோ இறக்கியோ சமாளித்துவிடுவோம். கறுப்புக் கட்டைகள் எனக்குப் பதினோரு வருடமும் அலங்காரப் பொருள். அன்றைக்கு மிச்சப் பாட்டுக்குக் கை அசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன்பின் அந்த மாடிப்படி ஏறவில்லை.

சிந்தசைசர் காஜாங்கில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. கீபோர்டுக்கு அண்ணன் என்று நினைத்து வாங்கிவிட்டேன். வீட்டில் வைத்துப் போட்டால் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை.

"ரோசாக் சாமானைத் தலையில கட்டிட்டானா?" என்றார் கணவர்.

ரோசாக்கும் இல்லை, பழுதும் இல்லை. அதற்கு ஸ்பீக்கரே கிடையாது என்பதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன். கணவருடைய கரோக்கே பெட்டியில் சொருகியதும் தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம் வந்தது. தபேலா எங்கே என்று தேடினேன், இல்லை. தாளம் போடும் பட்டன் இல்லை, வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. முப்பதுக்கு மேல் குமிழ்கள் மட்டும் இருந்தன. வேண்டிய சத்தத்தை நாமே திருகி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் எட்டுச் சுரம் தாங்கும். ஒன்பதாவது விரலை வைத்தால் முதலில் வைத்த சுரம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேற்றப்படும். கையேட்டில் அதைப் படித்தபோது மாஸ்டர் ஞாபகம் வந்தது.

திருகினேன். சத்தத்தின் கூர்மையைச் சீவும் குமிழ் எது, மெல்ல எழ வைக்கும் குமிழ் எது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ட்ரான்ஸ்போஸ் வசதி இதிலும் ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்த பிறகும் அதைத் தொடவில்லை. கறுப்புக் கட்டைகளில் விரல் வழுக்கிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பிரியாணி மேசையின் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். வேறு எந்த ஆசிரியரும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிறு காலை, பாசாரிலிருந்து வந்து மீனைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு சத்தம் அமைந்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்தது. மீனைக் கழுவிவிட்டு வருவதற்குள், சட்டைக்கு இஸ்திரி போடக் கணவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டேன், பழைய தேங்காய்த் துருவல்தான் வந்தது. நாம் உண்டாக்கும் சத்தத்தை நாமே சேமிக்க வேண்டும். சேமிக்காத சத்தத்துக்குத் திரையில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். இது கையேட்டின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்திருந்தேன். அழுதேன். பாவம், அந்த மனுஷன் கசங்கின சட்டையோடு வெளியே போனார்.

ஒரு வருடம் கழித்து, கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் பொங்கல் விருந்து. எங்கள் கிளினிக்கின் தாதி நன்றாகப் பாடுவாள். ஏற்பாட்டுக்குழு அவளுக்கு ஒரு பாட்டு ஒதுக்கியிருந்தது. நான் வாசிப்பதாகச் சொன்னேன். முக்கிய நிகழ்ச்சி யாருடையது என்று தெரிந்துதான் சொன்னேன்.

அந்த மண்டபம் எதிரொலிக்கும். காலையிலேயே போய் அதற்குத் தக்கபடி ஒவ்வொரு குமிழாகத் திருகி ஒரு சத்தத்தைச் செய்து, அணைக்காமல் மேடையிலேயே விட்டுவைத்தேன். மேடை ஏறும் நேரத்தில் தாதி என் காதில், "அக்கா, தொண்டை கட்டியிருக்கு. ஆறு கட்டைச் சுருதி வராது, ஐந்தரையில வைங்களேன்" என்றாள். ஐந்தரை என்றால் கறுப்புக் கட்டை. வைத்தேன். எட்டுச் சுரமும் மெல்ல எழுந்து மண்டபத்தை நிரப்பின. சோற்றுப் பந்தியில் கரண்டிச் சத்தம் நின்றது. மேடை ஓரத்தில் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் மேடையில் என்னிடம் வந்தார். பழையதெல்லாம் நடக்காதது போல வாயெல்லாம் பல். "என்னாமா வாசிச்சே! அந்தச் சத்தம் இருக்கே, பயங்கரம்லா. ஒவ்வொரு கட்டையா அழுத்திக் குடும்மா, லேப்டாப்புல ஏத்திக்கிறேன். நம்ம குழுவுக்கு ஆகும்ல?"

நம்ம குழு. என் காது சுட்டது.

"தாராளமா மாஸ்டர். லேப்டாப்பைக் கொண்டாங்க" என்றேன்.

அவர் அதை எடுத்துவரப் போன நேரத்தில் ஒலிக் குமிழைக் கடைசிவரை இறக்கினேன். வந்தார், கேபிளைச் சொருகினார், காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். குழு ஆட்களும் சுற்றி வந்து நின்றார்கள். நான் வாசித்தேன்.

"ஒன்னும் வரலையேம்மா."

"கேபிளைப் பாருங்க மாஸ்டர்."

கேபிளை மாற்றினார். மறுபடி வாசித்தேன். வேறு ஓட்டையில் சொருகினார். பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு மண்டியிட்டு மேசைக்கு அடியில் நுழைந்து பிளக்கைப் பார்த்தார். நான் நிறுத்தாமல், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை முழுப் பாட்டையும் வாசித்து முடித்தேன். பேஸ் கிட்டார்காரரின் கண் ஒலிக் குமிழில் போய் நின்றது. அன்றைக்கும் சப்பாத்தைத்தான் பார்த்தார்.

மாஸ்டர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டபோது சொன்னேன்: "கை மட்டும் அசைச்சா போதும்னீங்களே மாஸ்டர். அசைச்சேன்."

குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் ஒரு வருடம் காத்திருந்த முகம் அப்போது கிடைத்தது. நினைத்ததைவிட நன்றாகவே வெளுத்தது.

"சரி விடும்மா, பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிட்டு. வால்யூமைத் தொற" என்றார். குரல் இறங்கியிருந்தது.

திரையில் அந்தச் சத்தத்தின் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தது. காலையில் செய்ததை நான் இன்னும் சேமிக்கவில்லை. மறதி இல்லை, அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். சேமிக்கும் பட்டனுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் என் கை ஒரு கணம் தயங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கீபோர்டு தெரிந்த மனிதர், நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏய், சேவ் பண்ணும்மா!" என்று கை நீட்டினார்.

சுவிட்சை அணைத்தேன்.

அதன்பின் பல வாரம் அந்தச் சத்தத்தைத் தேடினேன். குமிழ்கள் அதேதான், விரல்களும் அதேதான், வரவில்லை. கணவர்கூட, "உனக்காவது வச்சிருக்கலாம்ல?" என்றார். வைத்திருக்கலாம்தான். ஆனால் மாஸ்டர் லேப்டாப்பில் இருக்கும் என் வயலின் இன்னமும் கல்யாணம் கல்யாணமாக ஓடுகிறதாம், தாதி சொன்னாள். இந்தச் சத்தம் அதில் இல்லை.