பிலோமினாவுக்கு ஏழு ஊசி

ஓமந்தூர் சவுரியம்மாள் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியே இடுப்பு ஒடிந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஓரகத்தி பிலோமினாவுக்குக் கிடைத்த எதையும் அவள் பொறுத்ததில்லை. இடுப்பிலிருந்து குதிகால்வரை நரம்பு சுண்டி இழுக்கும் வலி மட்டும் இருவருக்கும் சமமாக வந்தது. திண்டிவனத்தில் கலைமதியின் அக்குபஞ்சர் கிளினிக்கில் அந்தச் சமமும் போயிற்று. பிலோமினாவுக்கு ஏழு ஊசி, இவளுக்கு ஒன்றே ஒன்று.

"அவளுக்கு மட்டும் குத்திக்கினே இருக்கீங்க, எனக்குன்னா ஏங்க ஓரவஞ்சனை?" என்று போகும்போதெல்லாம் சண்டை.

ஆறாம் வாரம் சவுரியம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்தாள்.

"உங்களுக்குச் சரியாயிடுச்சும்மா, இனிமே வர வேணாம்" என்றாள் கலைமதி.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா ஏழு ஊசியோடு முனகிக்கொண்டிருந்தாள். அவளை முறைத்தபடி சவுரியம்மாள் கேட்டாள்: "அவ மட்டும் வந்துக்கினு இருப்பாளா?"