மாட்டாஸ்பத்திரிப் பூனை

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய், சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவேன். ஆஸ்பத்திரியில் மொத்தம் மூன்று பேர்: டாக்டர், நான், பியூன். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாடுகளிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் சுருக்கமாகவும் பேசுவார். பியூன் உள்ளூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆஸ்பத்திரியில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. நாலு கால் உள்ள எதுவும் வேண்டாமென்றால் இங்கே விட்டுவிடலாம், சர்க்கார் பார்த்துக்கொள்ளும். காலையில் கேட்டைத் திறக்கும்போது வாசலில் ஒரு கோணிப்பை தானாக அசைந்துகொண்டிருக்கும். உள்ளே நாய்க்குட்டியோ பூனையோ இருக்கும். சர்க்கார் எப்படிப் பார்த்துக்கொண்டது என்றால், பியூன் அதே கோணியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுபோய் ஏரிக்கு அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டு வருவார். கோணிக்குள் போன பூனைக்குத் திரும்பிவர வழி தெரியாது என்பார்கள். எதுவும் திரும்பி வந்ததில்லைதான். வழி தெரியாமலா, நாய் பிடித்ததாலா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நான் சொல்லவந்த பூனையும் அப்படி வந்ததுதான். சாம்பல் நிறம், பெட்டை, இடது காது நுனியில் ஒரு கிழிசல். பியூன் தூக்கிய கோணியின் அடியில் ஓட்டை இருந்திருக்கிறது. பூனை அதன் வழியாக விழுந்து வைக்கோல் கொட்டகைக்குள் ஓடி, சுவருக்கும் வைக்கோலுக்கும் நடுவே புகுந்துகொண்டது. பத்து நாள் அதன் உடம்பை யாரும் பார்க்கவில்லை. இருட்டில் இரண்டு கண் மட்டும் தெரியும்.

"தானா பூடும் சார்" என்றார் பியூன். அது போகவில்லை.

அடுத்த மாதம் ஜில்லா ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. டாக்டர் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் வர்றப்போ பூனை இருக்கக் கூடாது. இது மாட்டாஸ்பத்திரி" என்றார். பியூன் உடனே புதுக் கோணி ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

இன்னும் நாள் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். இப்போது சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? எனக்கு அந்தப் பூனையைப் பிடித்திருந்தது. பத்து நாளாக அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் என்னை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். "பூனை மயிரு கொயந்த வயித்துல பூட்ச்சின்னா யாரு பாக்கறது? நீங்களா? நீங்க மாட்டுக்குத்தான கம்பவுண்டரு?" என்றாள் மனைவி.

அந்த வாரம் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு விவசாயி தன் காளையை ஓட்டிவந்தார். நுகத்தடி அழுத்திக் கழுத்தில் பெரிய புண். அவர் சமணர், அங்கே அவர்களை நயினார் என்பார்கள். மூன்று வாரம் கட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நயினாருக்கு ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பிடுங்குகிற வேலை. காளையை எங்களிடம் விட்டுவிட்டு, அதற்குத் தீனி வைக்கத் தன் மனைவியைத் திண்டிவனத்திலேயே அந்தம்மாளின் அண்ணன் வீட்டில் தங்கவைத்துவிட்டுப் போனார். அந்தம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. வைக்கோல் எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள ஒண்ணு இருக்குதே, அது யாருதுங்க?"

"யாருதும் இல்லைங்க."

"அப்ப நான் எடுத்துக்கினு போவட்டுமா? எங்க வூட்ல ஒண்ணு இருந்துச்சு. ஆடியில செத்துப் போச்சு. அதுலேர்ந்து பகல்ல பேசறதுக்கு ஆளே இல்லீங்க. அவரு எந்நேரமும் மல்லாட்டைக் கொல்லியிலதான்."

கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சம்மதித்தேன். ஆனால் அந்தம்மாளுக்கு இரண்டு நிபந்தனை இருந்தது. ஒன்று, அவர்கள் வீட்டில் மீன், கருவாடு எதுவும் நுழையாது. பூனை தயிர்சோறு சாப்பிட வேண்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். விளக்கு வைத்தபிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

"எலி புடிச்சா?" என்று கேட்டேன்.

"அது வெளிய போயி பண்றது அதோட வினைங்க. தட்டுல நான் போடறதுதான் என்னோட வினை."

இரண்டாவது, கோணியில் கட்டித் தரக் கூடாது. "தானா மடிக்கு வந்தாத்தான் எடுத்துக்கினு போவேன். கட்டி எடுத்துக்கினு போனா அது எப்பப் பார்த்தாலும் கதவையே பார்த்துக்கினு இருக்கும்."

மூன்று வாரம். காளைக்குப் புண் ஆறுவதற்கும், ஆபீசர் வருவதற்கும், பூனைக்குப் பயம் தெளிவதற்கும் அவ்வளவுதான் நாள். தெளியாவிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம்.

எனக்குப் பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மிரண்ட காளையைப் பழக்கத் தெரியும். எதிரே போய் நிற்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் சும்மா உட்கார வேண்டும், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும் என்று விட வேண்டும். அதையே செய்தேன். மதியச் சாப்பாட்டுக்கு டிபன் கேரியரோடு கொட்டகைக்குப் போய், வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆரம்பத்துக்குக் கருவாடு இல்லாமல் முடியாது. ஒரு கவளத்தில் கருவாட்டுக் குழம்பு நிறைய, தயிர் கொஞ்சம் என்று பிசைந்து பின்னால் வைத்துவிட்டு வருவேன். தினமும் கருவாட்டை ஒரு சிட்டிகை குறைத்துத் தயிரை ஒரு சிட்டிகை கூட்டினேன். மருந்து கலக்கிய கை, அளவு தவறவில்லை. கருவாடு என்றாலே முகம் சுளிக்கும் நான் தினமும் அதைக் கேட்டதில் மனைவிக்குச் சந்தேகம். "இன்னா திடீர்னு? டாக்டரு எழுதிக் குடுத்தாரா?" என்றாள்.

நாலாம் நாள் நான் எழுந்து போனபிறகு வந்து சாப்பிட்டது. ஒன்பதாம் நாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே சாப்பிட்டது. பன்னிரண்டாம் நாள் என் விரலை மோந்து பார்த்தது. அதற்கு மறுநாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் பின்னங்காலை நக்கியது. காளை முதுகு காட்டினால் விலகி நிற்க வேண்டும். பூனை முதுகு காட்டினால் நம்மை நம்புகிறது என்று நானே முடிவுசெய்துகொண்டேன். சந்தோஷத்தில் அன்று ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்படவில்லை. பிறகு பியூனிடமும் வந்தது. ஒருநாள் டாக்டரின் கால்சட்டையில் உரசியது. அவர் கவனிக்காததுபோல், அது உரசி முடிக்கும்வரை அசையாமல் நின்று ஒரு எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இனி அந்தம்மாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கூப்பிட்டேன். அவர் கொட்டகை வாசலில் கால் வைத்தார். பூனை உத்தரத்தில் இருந்தது. எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொஞ்சம் மெதுவா வரக் கூடாதுங்களா?" என்று அந்தம்மாளிடம் எரிந்து விழுந்தேன். அதைவிட மெதுவாக மனிதர்கள் நடக்க முடியாது. அவர் போய்க் காளைக்குத் தண்ணீர் காட்டினார்.

பியூன்தான் கண்டுபிடித்தார். "சார், அது மனுசாளுக்குப் பயகல. பினாயிலுக்குப் பயகிக்கிச்சு."

யோசித்துப் பார்த்தால் சரிதான். நாங்கள் மூவரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை பினாயில் தண்ணீரில்தான் கை கழுவுவோம். சட்டை, தலைமுடி எல்லாம் அந்த வாசனை. ரயிலில் என் பக்கத்தில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று மரியாதை கொடுக்கிறார்கள் என நினைத்திருந்தேன். பூனையைப் பொறுத்தவரை மனிதன் என்றால் பினாயில் வாசனை அடிக்கும். மஞ்சளும் சீயக்காயுமாக வந்த அந்தம்மாள் வேறு ஏதோ மிருகம்.

வழி உடனே தோன்றியது. அந்தம்மாளைப் பினாயில் வாளியில் கை நனைக்கச் சொன்னேன். தயங்கி நனைத்தார். பூனை உத்தரத்திலிருந்து இறங்கி வந்து கையை மோந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே ஒரு பாட்டில் பினாயிலுக்கு லேபிள் ஒட்டி, 'காலை ஒரு முறை, மாலை ஒரு முறை' என்று எழுதி அவரிடம் நீட்டினேன்.

அந்தம்மாள் வாங்கவில்லை. "நான் எப்டி இருக்கனோ அப்டியேதாங்க அது வரணும். எங்க வூட்ல போயி நான் எத்தினி நாளைக்கு இத்த பூசிக்கினு இருப்பேன்? நீங்க வேணுன்னா பினாயில வுடுங்களேன்."

விட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆறு நாள் இருந்தது. மத்தியானம் ஆனதும் ஆஸ்பத்திரிக் கிணற்றில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, மணிக்கட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பூனை என் முகத்தைப் பார்த்தது, கையை மோந்தது, உத்தரத்துக்குப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு வலித்தது. மறுநாளும் மஞ்சளோடு போனேன். மஞ்சள் கையோடு ஒரு எருமைக்குக் கட்டுப் போட்டபோது அதன் சொந்தக்காரர், "வூட்ல இன்னாங்க விசேஷம்?" என்று கேட்டார். மச்சினிக்கு நிச்சயம் என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு மச்சினியே கிடையாது.

மூன்றாம் நாள் இறங்கி வந்தது. நாலாம் நாள் அந்தம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே வாசனையில் இரண்டு பேர். பூனை இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தயிர்சோற்றைச் சாப்பிட்டது. ஐந்தாம் நாள் நான் வெளியே நின்றுகொண்டேன். நயினார் வண்டியோடு வந்து, ஆறிய காளையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மாள் கொட்டகைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது முந்தானைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வால் தொங்கியது. வண்டி ஏறும்போதும் அது இறங்கவில்லை. நான் காளைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வண்டி போனபிறகுதான் ஒரு எழுத்தும் புரியாதபடி எழுதியிருந்தேன் என்று பியூன் சொன்னார்.

மறுநாள் ஜில்லா ஆபீசர் வந்தார். ரிஜிஸ்டரெல்லாம் பார்த்தார், திருப்தி. மருந்து அறையில் பஞ்சுக் கட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

"இன்னாய்யா இது? ஒரு பூனை வெச்சுக்கக் கூடாதா?" என்றார். அதையே குறிப்பிலும் எழுதிவிட்டுப் போனார். எழுத்தில் வந்துவிட்டால் டாக்டருக்கு அது உத்தரவு. ஜீப் சத்தம் அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை போய் அதைக் கொண்டுவந்துடுங்க."

"குடுத்தாச்சே சார்."

"எழுதிட்டுப் போயிருக்காரே."

எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. வேலை புதிதாக நிரந்தரமாகியிருந்தது. பியூன் ஒரு மூடிக்கூடை தேடிக் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி நடந்தேன். மேல்சித்தாமூர் போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. கதவு திறந்திருந்தது. அந்தம்மாள் சாப்பிட்டுக்கொண்டே, அந்த வருஷம் மல்லாட்டையில் பாதி பருப்பில்லாத பொக்காகப் போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பூனை தயிர்சோறு தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையை மோந்தது. பிறகு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டது. கதவு பக்கம் மறுபடி திரும்பவே இல்லை.

அந்தம்மாள் என் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். அதன் மூடியைப் பார்த்தார். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"எடுத்துக்கினு போவத்தான் வந்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "கொஞ்சம் மல்லாட்டை வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

அவர் கை கழுவிக்கொண்டு வந்து, கூடை நிரம்பி வழிய மல்லாட்டையை அள்ளிக் கொட்டினார். போதும் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. மூடி மூடவில்லை.

திங்கட்கிழமை அதில் கொஞ்சம் வறுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன்.

"பூனை எங்கே?"

"செத்துப்போச்சு சார்."

"எதுல?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மாட்டாஸ்பத்திரியில் எந்த மிருகம் செத்தாலும் என்ன நோய் என்று எழுத வேண்டும். எட்டு வருஷம் மாடுகளோடு இருந்தவன் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோமாரி சார்."

கோமாரி மாட்டுக்கு வரும், ஆட்டுக்கு வரும். பூனைக்கு வராது. அது எனக்குத் தெரியும், கதவோரம் நின்ற பியூனுக்கும் தெரியும். டாக்டர் ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தார். மெதுவாக மென்றார். இன்னொன்றை உரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஆபீசர் எழுதிய குறிப்புக்குக் கீழே, பூனை கோமாரியில் இறந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மத்த பூனைங்களுக்குப் பரவாமப் பார்த்துக்குங்க" என்றார்.