புதுப் பெயருக்குக் குடிபோன கடை

எங்கள் கடைக்கு அம்மாவின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமல் விட்டுப் பழகிவிட்டோம் என்பதுதான் நான் சொல்ல வந்த கதையே.

கண்டி நகரத்தில் மிளகாய்த்தூளும் ஏலக்காயும் கிராம்பும் விற்கிற கடை. தொடங்கியது அப்பா, தூளின் பக்குவம் அம்மாவுடையது. எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் தமிழர் கடை என்று எங்கள் கடையை எரித்தார்கள், பெயர்ப்பலகையோடு சேர்த்து. அடுத்த வருஷமே அப்பா அதே இடத்தில் அதே பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார். பயமில்லையா என்று கேட்டவர்களிடம், "பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் பொண்டாட்டி பேரை மாத்த முடியுமா?" என்பார்.

அப்பா போன பிறகு கடை தம்பிக்கும் எனக்கும் வந்தது. சமாதானப் பேச்சு முறிந்து மறுபடி சண்டை மூண்ட காலம் அது. ஒரு ஹோட்டலுக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி எங்கள் தூள் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாமான் நன்றாக இருக்கிறதாம். பெயர்தான் இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் பாரமாம். பாரம்! அம்மா ஐந்தடி உயரம்கூட இல்லை. அவருடைய பெயர் அந்த மனிதருக்கு எந்த இடத்தில் பாரமாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தம்பி அன்று வீட்டுக்கு வரும்போதே புதுப் பெயரோடு வந்தான். மலையும் பனிமூட்டமும் சேர்ந்த ஓர் ஆங்கிலப் பெயர். யாருக்கும் சொந்தமில்லாத பெயர். அம்மாவிடம் கேட்டோம். "ஒங்களுக்குச் சரின்னா செய்ங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோமே, அதை நினைத்தால் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

எங்கள் தெருவில் பெயர்ப்பலகை மாறுவது புதினமில்லை. கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ கடைகள் மாற்றின. ஆனால் பலகைதான் மாறும். கல்லாவில் அதே ஆள் இருப்பார். கெலிஓயாவிலிருந்தும் கலஹாவிலிருந்தும் வருகிறவர்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு படியேறுவார்கள். யாரும் வழி தவறியதில்லை.

இணையத்தளத்துக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதன் வழியாகத்தான் வந்தார்கள். ஒரு காலத்தில் கண்டிக் கந்தோர்களில் உத்தியோகம் பார்த்து, கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து போனவர்கள். தளத்தைச் செய்து தந்தவர் பக்கத்து ஊரான மடவளைக்காரர், நாங்கள் ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர், தொழில் தெரிந்த மனிதர். எல்லாவற்றையும் புது முகவரிக்கு மாற்றி முடித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, பழைய முகவரிய அப்படியே வெச்சிருந்து, அதுக்கு வார ஆக்கள புதுசுக்குத் திருப்பி விடோணும். மெயிலும் அப்படித்தான். இல்லாட்டி ஒங்கட ஆக்கள் வாசல் தெரியாம நிப்பாங்க."

தம்பி சம்மதிக்கவில்லை. "அப்ப எதுக்கு, நானா, பேரை மாத்துறோம்? யாராச்சும் பழைய பேரைத் தட்டினா நேரா நம்மகிட்டதானே கூட்டிட்டு வரும்? பழசு வேணாம். முழுசா எடுத்துடுங்க."

மடவளைக்காரர் என்னைப் பார்த்தார். மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறவள் நான். வாடிக்கையாளர்களுக்கு ஒரு வரி எழுதி அறிவித்திருக்கலாம். இரண்டு பெயரையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுத எனக்கும் பயம். அந்த வரியை எழுதவேயில்லை.

இரண்டு மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஓடர்கூட இல்லை. "புதுப் பேரு பழகணும்ல" என்றான் தம்பி.

பிறகு ஒருநாள் காலையில் கடைத் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து ஓர் அம்மா. முன்பு பேராதனையில் படிப்பித்தவர், வருஷக்கணக்காக எங்களிடம் தூள் எடுப்பவர். பழைய பைக்கற்றில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார். என் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் இருக்கிறியளோ? மெயில் போட்டால் திரும்பி வருது. உங்கட வெப்சைட்டையும் காணேல்ல. திரும்பவும் எரிச்சுப்போட்டாங்கள் எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சம். உங்கட அம்மாவுக்கெண்டு கோயில்ல மோட்ச விளக்கும் ஏத்திப்போட்டு வந்தனாங்கள்."

வேறு எந்த ஊர்க் கடையின் தளம் காணாமல் போனாலும், ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள், இல்லையென்றால் கடையை விற்றுவிட்டார்கள் என்பார்கள். எங்களுடையது காணாமல் போனால் விளக்கேற்றுகிறார்கள். மனிதர்களை இப்படி நினைக்கப் பழக்கி வைத்தவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று அந்த இடத்திலேயே சபித்தேன்.

அம்மா உள்ளே ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன்.

"ஆமாம்மா, நானேதான் பேசுறேன். நல்லா இருக்கேன்" என்றார்.

மறுமுனையில் அவர் கடையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அம்மா கல்லாவில் இருந்த தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"இல்லம்மா, இந்தத் தடவ யாரும் எரிக்கல. எங்க புள்ளைங்களேதான் எடுத்துட்டாங்க."

அன்றைக்கே தம்பி பஸ் ஏறி மடவளைக்குப் போனான். அதன் பிறகு இணையத்தில் பழைய பெயரைத் தட்டினாலும் எங்களிடம் வந்து சேரலாம். கடை வாசலில் மட்டும் இன்னும் அந்தப் பனிமூட்டப் பலகைதான் தொங்குகிறது. அதைக் கழற்றுகிற தைரியம் எங்கள் இருவருக்கும் இன்றுவரை வரவில்லை.