கீவாவின் பெயரில்

என் அக்கா ஊனா உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பை ஒரு கையில் இருக்கும்போதே மறு கை மேசையைத் துடைக்கும். ஜன்னல் வழியே நாயை அதட்டிவிட்டு, பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவாள். காலையும் மாலையும் சதுப்புநிலத்துப் பாதைகளில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. இடைப்பட்ட நேரத்தில் தேவாலயக் கூடத்தைப் பெருக்குவாள்.

அந்த வசந்தத்தில் அவள் இன்னும் வேகமானாள். சட்டை தோளிலிருந்து தொங்கியது. குளிரிலும் பேருந்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாள். "இளைச்சு அழகாயிட்டியே ஊனா, என்ன சாப்பிடறே?" என்று கடையில் கேட்டார்கள். அவள் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது எழும் கடகடச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் பல வாரம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அப்போது டாக்டர் ஹெனகனின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கால்வே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, ஏழைகளுக்கு மருத்துவம் ஏன் எட்டுவதில்லை என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போது டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் "அறுபது யூரோ" என்று சொல்வது என் வேலை. அரசாங்கத்தின் மருத்துவ அட்டை வைத்திருப்பவர்களிடம் சொல்ல வேண்டாம். கீவா பிறக்கும் முன் ஊனா வீட்டிலும் அந்த அட்டை இருந்தது. அவள் கணவன் டெக்லன் ஒரு வருடம் சுவர்ப் பூச்சு வேலையில் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்ததும் அது போய்விட்டது. ஆனால் எட்டு வயது ஆகாத பிள்ளைகளை டாக்டர் இலவசமாகப் பார்ப்பார். ஊனாவின் மகள் கீவாவுக்கு ஏழு.

ஆகவே அந்த வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அது கீவாவுக்குத்தான் வரும். டெக்லனின் முதுகுவலிக்குக் கீவாவை அழைத்து வந்தார்கள். ஊனாவின் தொண்டைக்கும் கீவாதான். ஊரில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஹெனகனுக்கும் தெரியும். கீவாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது பிரமாதம். இந்தக் காதோட அம்மாவுக்கு என்ன?" என்பார். கீவாவுக்கு ஒரு குச்சிமிட்டாய்.

மே மாதத்தில் ஹெனகன் முழங்கால் அறுவைக்காக விடுப்பில் போனார். கீவாவின் பிறந்தநாளுக்கு இரண்டு வாரமே இருந்தது. ஊனா மேசைக்கு வந்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

"டாக்டரைப் பாக்கக் கீவா பேர்ல ஒரு நேரம் போடு. எட்டு ஆறதுக்குள்ள."

"உனக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல. கீவாவுக்குத்தான் நெஞ்சு படபடங்குது." சிரித்தாள். "எழுதிக்கோ பட்டதாரியம்மா, அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்."

"ஹெனகன் இல்லை. தெற்கே கார்க்லேர்ந்து ஒரு பொம்பளை டாக்டர் வந்திருக்காங்க."

"கார்க்கா? அவங்க பேசறது புரிஞ்சா சரி."

புது டாக்டரிடம் பழைய வழக்கம் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வெளியே சொல்லவில்லை. பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் புது டாக்டர் ட்வோமி கதவைத் திறந்தார்.

"மேவ், கொஞ்சம் வாங்க. குழந்தையைப் பிடிச்சுக்கணும். ரத்தம் எடுக்கப்போறேன்."

உள்ளே கீவா படுக்கையின் விளிம்பில் சட்டைக்கையைச் சுருட்டி உட்கார்ந்திருந்தாள். ஊனா சுவரோரம் நின்றாள், உதட்டில் ரத்தமே இல்லாமல். நடந்தது எனக்குப் புரிந்தது. ஹெனகனிடம் தொடங்குவது போலவே இவரிடமும் தொடங்கியிருக்கிறாள்: கீவாவுக்குப் படபடப்பு, தூக்கம் இல்லை, சாப்பிட்டும் இளைக்கிறாள். அம்மாவுக்கு என்ன என்ற கேள்விக்குக் காத்திருந்திருக்கிறாள். இந்த டாக்டர் அதைக் கேட்கவில்லை. சொன்னதை நம்பிவிட்டார்.

"பரிசோதிச்சா ஒண்ணும் தெரியல, ஆனா இதை விடக்கூடாது" என்றார் என்னிடம். "ரத்தம் பாத்துட்டு ஸ்லைகோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

நான் கீவாவின் கையைப் பிடித்தேன். வாயைத் திறந்தால் அக்கா மாட்டுவாள், திறக்காவிட்டால் குழந்தைக்கு ஊசி. இப்படிப்பட்ட நிலைமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கீவாதான் பேசினாள். "சித்தி, அம்மா தொண்டைக்கு வந்தப்ப எனக்கு ஊசி போடலையே. மிட்டாய்தானே குடுத்தாங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

ஊனா சுவரை விட்டு நகர்ந்து மகளின் சட்டைக்கையை இறக்கிவிட்டாள். பொத்தானைப் போட முடியவில்லை, விரல்கள் நடுங்கின. "இறங்குடா செல்லம். அது என்னோடது."

"எது?"

"எல்லாம்தான் டாக்டர். படபடப்பு, தூக்கம், எல்லாம்."

ட்வோமி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஊனாவின் மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டிய கைகளின் மேல் ஒரு தாளை வைத்தார். அது சரசரவென்று ஆடியது.

"தைராய்டா இருக்கும். மருந்து இருக்கு. இப்படியே விட்டா இதயத்தையே பாதிச்சிடும்." பிறகு ஊனாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இந்தக் குழந்தையோட ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு வந்திருக்கும். சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பீங்க, இல்ல?"

ஊனா ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

"முடிவு வர்ற வரைக்கும் பஸ்ஸை வேற யாராவது ஓட்டட்டும். பணம் விஷயம் முன்மேசையில."

முன்மேசை என்றால் நான்.

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள், காதைத் தீட்டிக்கொண்டு. திரையில் கீவாவின் பெயர் இன்னும் இருந்தது. நான் குனிந்து, "இப்படியே இருக்கட்டும். யாரும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

"ரத்தம் யார் பேர்ல போகும்?" என்றாள் ஊனா.

நான் கீவாவைப் பார்த்தேன்.

"இவ பேர்ல போகுமா? நாளைக்கு இவளுக்கு இதயம் சரியில்லன்னு பள்ளிக்கூடத்துல ஓடவிடாம பண்ணவா? என் பேரை எழுது மேவ்."

அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். கடைசியாக அவள் தன் பெயரில் வந்தது கீவா வயிற்றில் இருந்தபோது. கர்ப்பிணிகளுக்கும் இலவசம்தான்.

"ம், சொல்லு" என்றாள்.

"என்ன?"

"எல்லார்கிட்டயும் சொல்றியே, அதை."

"அறுபது யூரோ." திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்தத் தொகைக்கு வங்கி அட்டையை இயந்திரத்தில் தொட்டால் மட்டும் போதாது, ரகசிய எண்ணையும் அழுத்த வேண்டும். முதல் தடவை விரல் வழுக்கித் தப்பாக அழுத்தினாள். இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் அட்டை முடங்கிவிடும். கீவா கால்விரலில் எம்பி, அம்மா தன் காதில் எண்களைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினாள். இயந்திரம் சீட்டைத் துப்பியது.

"முடிவு வந்ததும் திரும்ப டாக்டரைப் பார்க்கணும்" என்றேன். "வியாழக்கிழமை?"

"அதுக்கும் இதே அறுபதா?"

"அதுக்கும்."

ஊனா என் தலைக்குப் பின்னால் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். வியாழனன்றும் கீவாவுக்கு ஏழுதான். நான் விசைப்பலகையில் கையை வைத்துக் காத்திருந்தேன். எந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமென்று ஆசைப்பட்டேன் என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சாவிக்கொத்து அவள் கையில் கிலுங்கிக்கொண்டே இருந்தது.

"என் பேர்லயே போடு" என்றாள். "சீக்கிரம் போடு, மனசு மாறிடும்."