இழுத்துப் பார்த்த இழை

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, கூலித் தறியில் உட்கார்ந்து, பிறகு சொந்தத் தறிகள் போட்டவர் திருஞானசம்பந்தம். அவருக்குத் தெரியாத விஷயம் காஞ்சிபுரத்தில் கிடையாது. இருந்தால் அது விஷயமே இல்லை. சேலையில் குறை விழுந்தால் ஒரே தீர்ப்பு: "பிணைச்சவளப் புடி." தறியில் முடியப்போகிற பழைய பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், முனையோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற பெண்தான் எப்போதும் குற்றவாளி.

மருமகள் அகிலாவுக்கு இரண்டாவது கருவும் கலைந்தபோது, அவர் மனைவி ரேணுகாம்பாள் அதே தீர்ப்பைக் கடன் வாங்கிக்கொண்டாள்.

"சொமக்கிறவ மேலதான் குத்தம். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வராங்க. பேசி அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடலாம். நம்ம புள்ளைக்கு வேற பொண்ணா கெடைக்காது?"

அந்தப் பிள்ளை குமரகுரு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். மகாவீரன்.

அதற்குள், கலைந்த கருவைச் சோதனைக்கு அனுப்பியிருந்த டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். அகிலாவோடு மாமனாரும் போனார். அவர் இல்லாமல் எந்தப் பேச்சு உருப்பட்டிருக்கிறது?

"கலைஞ்ச கருவுல ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்குதுங்க," என்றார் டாக்டர். "கருமுட்டை உருவாகறப்ப ரெண்டு பக்கத்துலருந்தும் நுண்ணிழைங்க வந்து, குரோமோசோம் ஜோடியப் புடிச்சு ஆளுக்கு ஒண்ணா இழுக்கணும். அந்தப் புடிய விடாம வெச்சிருக்கிறது சில புரோட்டீனுங்க. தப்பாப் புடிச்சிருந்தா இழை தொய்யும். அவுத்துட்டு மறுபடி புடிக்கும். எல்லாம் விறைப்பா நின்னாத்தான் பிரியும். அப்படியும் எப்பவாவது ஒண்ணு தப்பி, ஜோடி ரெண்டும் ஒரே பக்கம் போயிடும்."

"அட, நம்ம பிணைப்புதான்மா இது. இழுத்துப் பாக்காம எவன் நெய்வான்?" என்றார், புரோட்டீனுக்கே தொழில் கற்றுக்கொடுத்தவர்போல. "இதுல பிணைச்சவ யாரு?"

"யாருமில்லங்க. தானா நடக்குது. இவங்க சாப்பிட்டதோ, தறியில உக்காந்ததோ காரணமில்ல. அடுத்தது நல்லா நிக்க வாய்ப்பு நெறையவே இருக்குது."

பிடிக்க ஆளில்லாத குறையை அவர் அன்றுதான் பார்த்தார். பஸ்ஸில் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அகிலாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, நியாயம் சொல்லத் தொண்டையைச் செருமினார்கள். அதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். செல் வந்தது, இழை வந்தது, புரோட்டீன் வந்து பிணைத்தது. தான் கண்டுபிடித்ததுபோல ஒரு மணி நேரம்.

"அப்ப யாரு மேலதான்பா குத்தம்?" என்றார் மாகறலிலிருந்து வந்திருந்த மச்சான்.

"அஞ்சாங்கிளாஸ் எனக்கே புரியுது, டிகிரி படிச்ச உனக்குப் புரியலியா? யாரு மேலயும் இல்ல. அகிலா இங்கதான் இருப்பா."

சபையில் சொன்னதை அவர் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அது ரேணுகாம்பாளுக்கும் தெரியும்; எழுந்து உள்ளே போனாள்.

"மாமா, டாக்டர் சொன்னதுல பாதிய மாத்திச் சொல்லிட்டீங்க," என்றாள் அகிலா, டம்ளர்களை எடுத்தபடி.

"மீதிப் பாதி நின்னுதில்ல? போதும் போ."